சட்டைக்குள் இருந்த பிள்ளை

பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். 2009ஆம் ஆண்டு மாசி மாதம். வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரை முழுவதும் பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வயல்வட்டையிலிருந்து நெல் ஏற்றி வந்த உழவு இயந்திரம் ஒன்று வாசலில் நின்றது. அதன் பின்பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். பெயர் பிரஷாந்தி. வெட்டுக்காரருக்குச் சமைக்கப் போன இடத்தில், வயல் குடிசையான வாடியிலேயே அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. கணக்குப்படி இன்னும் ஏழு வாரம் இருந்தது.

கூட வந்த பெண் பிள்ளையைப் பழைய சாரத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வாங்கிப் பிரித்தேன். ஆண் பிள்ளை. தலைமயிர் ஈரமாக இருந்தது.

"ஆருகா பிள்ளயக் குளிப்பாட்டின?"

"நாந்தான் மிஸ்ஸி. பின்ன, ஊத்தையோடயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாற? உங்களுக்கும் ஒரு மரியாத இரிக்கெல்லா."

"என்ன தண்ணி வாத்த?"

"மணலில தோண்டின பூவல் தண்ணிதான். நல்ல தண்ணி மிஸ்ஸி, நாங்க குடிக்கிற தண்ணி."

பன்னிரண்டு வருடமாக நான் இந்தப் பகுதியில் மருத்துவமாது. பிறந்த அன்று பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்கிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு எங்களுக்கு மரியாதை செய்வதற்காகக் குளிப்பாட்டிக் கொண்டுவருவார்கள்.

"ஆனா மிஸ்ஸி, சரியான நல்ல பிள்ள. ஒரு கத்தல் இல்ல, ஒரு சத்தம் இல்ல."

"கத்தாததுதான்கா எனக்குப் பயம்" என்றேன். அவள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பதுபோலப் பார்த்தாள்.

எங்கள் வைத்தியர் அன்று கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். நானும், அற்றெண்டன் அன்னப்பிள்ளையக்காவும், அம்புலன்ஸ் சாரதியும்தான் இருந்தோம். அன்னப்பிள்ளையக்கா தாயைப் பார்க்க, நான் பிள்ளையை நிறுத்தேன். ஆயிரத்து அறுநூறு கிராம். உடம்புச் சூடு முப்பத்து நான்கு தசம் இரண்டு. முப்பத்தாறரைக்குக் கீழே போனாலே நாங்கள் பயப்பட வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு எழுபத்து நான்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல், நெஞ்செலும்பு உள்ளே போய் வந்தது. நெஞ்சுத் தோலை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நான்கு வினாடி. உள்ளங்காலைச் சுண்டினேன். காலை இழுத்ததே தவிர அழவில்லை.

இந்த நான்கையும் எழுதுவதற்கு என்னிடம் ஒரு தாள் உண்டு. சுனாமிக்குப் பிறகு நகரத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் தந்தது. சூடு, மூச்சு, இரத்த ஓட்டம், தொட்டால் பிள்ளை தரும் பதில் என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. புள்ளி கூடக் கூடப் பிள்ளைக்கு ஆபத்து. அனுப்பும் முன் ஒருமுறை, போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை நிரப்ப வேண்டும். தொலைபேசியின் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் ஒரே பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்த தாள் அது. பதினொரு பேர் அந்தப் பயிற்சிக்குப் போனோம். தாளைப் பிரதி எடுத்து வைத்திருந்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் போனுக்கு யன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு யன்னலில் நின்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். டொக்டர் ஸஹீதா பேசினார். சின்னப் பிள்ளைகளின் வாட்டுக்குப் புதிதாக வந்தவர்.

"டொக்டர், இருபத்தொரு புள்ளி."

"என்ன புள்ளி மிஸ்ஸி? எனக்கு அதொண்டும் விளங்கல்ல. பிள்ள சுகமா, சுகமில்லையா? அதச் சொல்லுங்க."

அதைத்தானே சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு நான்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"உடன கொண்டு வாங்க. ஆனா இன்கியுபேட்டர் மூண்டிலயும் பிள்ளைகள் இரிக்கி. வழியில சூடாக்கிக் கொண்டு வாங்க. இன்னும் குளிர்ந்து வந்தா, இஞ்ச என்னால பெரிசா ஒண்டும் செய்யேலா."

சூடாக்குவது எதனால்? சுடுநீர்ப் போத்தல் வைத்துப் பிள்ளையின் தொடை வெந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதைத் தொடமாட்டேன். தாயின் நெஞ்சில் வெறும் தோலோடு தோலாகப் போடுவதுதான் பயிற்சியில் சொன்ன வழி. ஆனால் பிரஷாந்திக்கு இரத்தப்போக்கு குறைந்திருந்தாலும் முழுக்க நிற்கவில்லை. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவளை அசைக்க முடியாது; வைத்தியர் திரும்பிவரும்வரை அன்னப்பிள்ளையக்காதான் அவளைப் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தது தகப்பன்.

தகப்பன் பெயர் சுபாகரன். இருபத்தாறு வயதிருக்கும். உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான். அந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான்.

"தம்பி, சட்டையத் திறங்க. பிள்ளய நெஞ்சில வைக்கணும்."

"ஏலா மிஸ்ஸி."

"ஏன் ஏலா?"

"வெக்கமா இரிக்கி."

எனக்கு வந்த கோபத்தில், "பிள்ள குடுக்கக்குள்ள வராத வெக்கம் இப்பதான் வந்ததா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து அன்னப்பிள்ளையக்கா சிரித்தது வெளியே கேட்டது. அவன் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு மருந்து கட்டும் அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பொத்தான்களைக் கழற்றினான்.

பிள்ளையை வைக்கும்போதுதான் கண்டேன். இடது தோளில் தொடங்கி வலது விலாவுக்குக் கீழே வரை ஒரு தழும்பு. இரண்டு பக்கமும் தையல் போட்ட அடையாளம், தாறுமாறாக. எதனால் என்று கேட்கவில்லை. நேரம் பத்து ஐம்பது. தழும்பின்மேலேயே பிள்ளையை வைத்து, தலைக்குத் துணித்தொப்பி போட்டு, சேலைத் துண்டால் அவனோடு சேர்த்துக் கட்டி, மேலே சட்டையை மூடினேன். கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் அம்புலன்ஸ் சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்தது. அதன் ஏ.சி. சுவிட்ச் உடைந்து ஒரு வருடம். ஸ்டார்ட் பண்ணினால் குளிர் அடிக்கத் தொடங்கும், நிறுத்த முடியாது. திருத்தித் தரும்படி நான்கு கடிதம் எழுதியிருந்தேன். நான்குக்கும் பதில் இல்லை.

"காக்கா, இந்தக் குளிர என்னவாவது செய்ங்க. பிள்ள சாகும்."

அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் சாரதி முகைதீன்பாவா, தன் துவாயையும் பழைய பேப்பரையும் காற்று வரும் ஓட்டைகளில் திணித்தார். "குளிருற ஊர்க்காரன் எதுக்கு வாகனத்துக்குள்ள குளிர் மெசின வச்சானெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல மிஸ்ஸி" என்றார். பின்கதவு யன்னலைத் திறந்துவைத்து, வெயில் காற்று உள்ளே வரும்படி ஓட்டினார்.

வாவியைக் கடக்க எங்களுக்குப் பாலமில்லை. இரும்பு மிதவையில் இயந்திரம் பூட்டிய 'பாதை'தான். துறையில் போய் நின்றபோது பாதை அக்கரையில் நின்றது. எங்களுக்கு முன்னால் நெல் ஏற்றிய நான்கு உழவு இயந்திரங்கள். இருபத்தைந்து நிமிடம் வெயிலில் நின்றோம். பாதை வந்ததும் காக்கா வரிசையை விலத்தி முன்னால் எடுத்தார். முதல் இயந்திரத்தின் சொந்தக்காரர், பெரிய வயற்காரரான அருமைநாயகம் போடியார் இறங்கி வந்து பின்யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன காக்கா, படுக்கையில ஆளக் காணல்ல? வருத்தக்காரன் இறங்கி நடந்து போயிற்றானா? வெறும் வாகனத்துக்கு நாங்க ஏன் வழி விடணும்? நாங்களும் நாளைக்கு வெள்ளைப் பெயின்ற் அடிச்சிக்கிட்டு வாறம்."

"போடியார், வருத்தக்காரன் சட்டைக்குள்ள இரிக்கான்" என்றேன்.

சுபாகரனின் கழுத்தடியில் துணித்தொப்பி அசைவதை அவர் கண்டார். திரும்பிப் போய், "பின்னுக்கு எடுங்கடா, பின்னுக்கு எடுங்க" என்று மற்றவர்களிடம் கத்தினார்.

நடு வாவியில் சூடு பார்த்தேன். முப்பத்து நான்கு தசம் ஒன்பது. ஏறியிருந்தது. முனகலும் சற்றுக் குறைந்திருந்தது. தாளின் ஓரத்தில் நேரத்தோடு குறித்தேன். காலையிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மிஸ்ஸி" என்றான் சுபாகரன். ஏறியதிலிருந்து அவன் பேசிய முதற்சொல் அதுதான். "அக்கரையில செக் பண்ணுவாங்களா?"

"அம்புலன்ச செக் பண்ணமாட்டாங்க. கைகாட்டி விடுவாங்க."

வழமையாக அப்படித்தான். அந்தக் கிழமை வடக்கே சண்டை முற்றியிருந்ததால் எல்லா இடமும் இறுக்கம் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துறையின் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பின்கதவைத் திறந்தான். அவன் முகம் மாறியதைக் கண்டபோதுதான், அவன் என்ன பார்க்கிறான் என்பது எனக்கு விளங்கியது. வாகனத்துக்குள் ஓர் இளம் ஆண். சட்டைக்குள் ஏதோ வீங்கியிருக்கிறது. நெஞ்சைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறது. அந்த நாட்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான், குண்டு. நான் பன்னிரண்டு வருடம் இந்த வாவியைக் கடந்தவள். பிள்ளையின் சூட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டு, ஒரு ஆணின் நெஞ்சில் மூட்டை கட்டிச் சோதனைச்சாவடிக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.

சிப்பாய் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். "கை மேல! கை மேல!"

சுபாகரன் கைகளைத் தூக்கினான். தூக்கியதும் கட்டு தளர்ந்து பிள்ளை கீழே வழுகத் தொடங்கியது. நான் இரண்டு கையாலும் சட்டையின் அடியைத் தாங்கினேன். "விடு! விடு!" என்று சிப்பாய் என்னைப் பார்த்துக் கத்தினான். விட முடியாது. காக்கா முன்சீற்றிலிருந்து, "பபா! பபா!" என்று, பிள்ளை என்பதைச் சிங்களத்தில் கத்தினார். ஒற்றைக் கையால் சுபாகரன் பொத்தான்களைத் திறந்தான். துணித்தொப்பி தெரிந்தது. பிறகு சின்ன முகம்.

சிப்பாய் துவக்கைத் தாழ்த்திவிட்டு முகத்தைத் துடைத்தான். அவனுக்கும் பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். சிரிக்கப் பார்த்தான். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டை திறந்திருந்தது.

அவன் போய் அதிகாரியைக் கூட்டி வந்தான். அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு தெரியும்.

"இது எங்க பட்ட காயம்?"

"சுனாமி சேர். தகரம் வெட்டின. பனிச்சங்கேணியில."

"தையல் போட்டது எந்த ஆஸ்பத்திரி? துண்டுச்சீட்டு எங்க?"

"ஆஸ்பத்திரி இல்ல சேர். முகாமில, கூடாரத்துக்க வச்சித் தைச்ச. துண்டு ஒண்டும் தரல்ல."

"துண்டு இல்ல." அதிகாரி அதை மெதுவாகச் சொன்னார். தழும்பைச் சண்டையில் பட்ட காயமாக அவர் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கியது. "பிள்ளை போகலாம். மிஸ் போகலாம். இவர் இருக்கணும். விசாரிக்கணும்."

நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன். தாளைக் காட்டினேன். பிள்ளை குளிர்கிறது என்றேன். "அப்ப கெதியாப் போங்க" என்றார். பேசிக்கொண்டிருந்த எட்டு நிமிடமும் பிள்ளை காற்றில் இருந்தது.

கட்டை அவிழ்த்துப் பிள்ளையை எடுத்தேன். அம்புலன்ஸ் கதவைச் சாத்தி, என் சீருடையின் பொத்தான்களைத் திறந்து உள்ளே வைத்துக்கொண்டேன். அதை நான் பத்து ஐம்பதுக்கே செய்திருக்கலாம். ஒக்சிசன் பிடிக்கவும் குறிப்பு எழுதவும் இரண்டு கை வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லியிருந்தேன். ஒரு கையால் இரண்டையும் செய்துகொண்டுதான் போனேன். வெட்கம் எனக்கும் இருந்திருக்கிறது. அவனை மட்டும் பேசிவிட்டேன்.

செட்டிபாளையம் தாண்டி நகரத்துக்குப் போய்ச் சேர பன்னிரண்டு ஐம்பத்தைந்து. சூடு முப்பத்து நான்கு தசம் ஆறு. வாவியில் ஏறியது துறையில் இறங்கியிருந்தது.

டொக்டர் ஸஹீதா பிள்ளையை வாங்கி ஒரு மேசை விளக்கின் கீழே வைத்தார். அதன் கீழே ஏற்கெனவே இன்னொரு பிள்ளை இருந்தது. "இந்த விளக்கு காணாது மிஸ்ஸி. பின்னேரம் ஒரு இன்கியுபேட்டர் கிடைச்சாலும் கிடைக்கும், இல்லாட்டியும் இல்ல. நீங்க வச்சிருந்த மாதிரி ஆராவது வச்சிருக்கணும். தகப்பன் எங்க?"

சொன்னேன். அவர் மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தித் தந்தார். பிள்ளையின் சிகிச்சைக்குத் தகப்பனின் உடம்புச் சூடு அவசியம், தாமதித்தால் பிள்ளை இறக்கக்கூடும் என்று அதில் இருந்தது. "நீங்க வாறவரைக்கும் ஒரு நேர்ஸ் வச்சிருப்பா. அவவுக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி முடியிது. கெதியா வாங்க."

சோதனைச்சாவடிக்குத் திரும்பியபோது ஒன்று நாற்பது. சுபாகரன் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் வெறும் நெஞ்சோடு குந்தியிருந்தான். அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"இதில காயத்தைப் பற்றி ஒண்டும் இல்லையே."

"காயத்த நான் பாத்தன் சேர். செல் துண்டு பட்டா ஓட்டை விழும். இது ஒரே இழுவையா வெட்டின வெட்டு."

"நீங்க பிள்ளப்பேறு பாக்கிற ஆள். காயம் பாக்கிற ஆளா?"

"சேர், தொப்புள்கொடிய பிளேடால வெட்டினதா, கத்தியால வெட்டினதா, மூங்கில் சிராயால வெட்டினதா எண்டு பாத்த உடன சொல்ற ஆள் நான். வெட்டு எனக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை. கடைசியில், என் அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போகவேண்டும், திங்கட்கிழமை நானே இவனைக் கூட்டிவந்து அட்டையை மீட்க வேண்டும் என்றார். அட்டையைக் கொடுத்தேன். அவர் அதை மேசை லாச்சிக்குள் போட்டார். கடிதத்தையும் அதற்குள்ளேயே போட்டார்.

"விசர் வேல பாக்கிறீங்க மிஸ்ஸி" என்றார் காக்கா, வாகனத்தை எடுத்துக்கொண்டே. "அட்டை இல்லாம ஒரு சந்தி தாண்டேலா. எப்பிடி ஊருக்கு வருவீங்க?"

அதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. சுபாகரனிடம் திரும்பினேன்.

"தழும்பப் பத்தி நீ எனக்குச் சொல்லியிருக்கணும் தம்பி."

"சொல்லியிருந்தா நீங்க வேற ஆளப் பாத்திருப்பீங்க மிஸ்ஸி" என்றான். "வேற ஆரு இரிந்த?"

ஆஸ்பத்திரிக்குப் போனால் வாட்டு வாசலில் காவலாளி கதிரையைக் குறுக்கே போட்டிருந்தார். "ஆம்பிளையள் அஞ்சிலயிருந்து ஆறுக்குள்ள. இப்ப ஏலா."

"டொக்டர்தான் கூட்டிவரச் சொன்னவ."

"கடிதம் இரிக்கா?"

கடிதம் லாச்சிக்குள் இருந்தது. டொக்டர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போய்விட்டாராம். நேரம் இரண்டு இருபத்தைந்து. பிள்ளையை வைத்திருந்த நேர்ஸின் டியூட்டி இரண்டு மணிக்கே முடிந்திருக்கும். காலையிலிருந்து எத்தனை பேருக்கு எத்தனை தடவை ஒரே கதையைச் சொல்வது? மறுபடியும் தொடங்கினேன். காவலாளி, விதி விதிதான் என்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சுபாகரன் படியில் நின்று சட்டையைக் கழற்றினான். முழுவதும் கழற்றி இடுப்பில் கட்டினான். மருந்துக்கு வரிசையில் நின்ற அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது.

"தம்பி, தம்பி, என்ன இது? பொம்புளையள் நிக்கிற இடம்!"

"அப்ப உள்ள விடுங்க அண்ணன்" என்றான். "இல்லாட்டி அஞ்சு மணிமட்டும் இப்பிடியே இஞ்ச நிப்பன்."

காவலாளி கதிரையை இழுத்தார்.

அன்று ஐந்து மணிக்குச் சூடு முப்பத்தாறு தசம் ஒன்று. இன்கியுபேட்டர் கிடைக்கவில்லை. சுபாகரன் இரவு முழுவதும் கதிரையில் சாய்ந்திருந்தான். நான் நேர்ஸ்மாரின் விடுதியில் ஒரு பாயில் படுத்தேன். சனிக்கிழமை பின்னேரம் காக்கா பிரஷாந்தியைக் கொண்டுவந்தார். அதன்பிறகு இருவரும் மாறி மாறி வைத்திருந்தார்கள். ஞாயிறன்று பிள்ளை உள்ளங்காலைச் சுண்டினால் அழுதது. தாளின் இரண்டாம் பகுதியில் எழுதுவதற்கு இனி ஆபத்தான புள்ளி இல்லை.

திங்கள் காலை சுபாகரன் சட்டை போட்டுப் புறப்பட்டு நின்றான்.

"நீ இரு. நான் முதல்ல போய்ப் பாத்திட்டு வாறன்" என்றேன். பிரஷாந்தி என் கையைப் பிடித்தாள்.

காக்காவின் அம்புலன்ஸில் போய் இறங்கினேன். சோதனைச்சாவடியில் வேறு அதிகாரி இருந்தார். பழையவர் ஞாயிறு மாற்றலாகிப் போய்விட்டாராம். வெள்ளிக்கிழமை ஒரு விடயமாக வந்தேன் என்றேன். புதியவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டு போனார்.

"வெள்ளிக்கிழமை ஒரு பிரச்சினையும் இல்லையே. ஆரையும் மறிச்சதாப் பதிவு இல்ல. ஆரைப் பற்றிக் கேக்கிறீங்க?"

பழைய அதிகாரி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. என் அட்டை அந்த லாச்சிக்குள்தான் இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். அதைக் கேட்டால், ஏன் வைத்தீர்கள் என்பார். சுபாகரனுக்காக என்று சொல்ல வேண்டும். அவன் பெயரைப் புத்தகத்தில் எழுதுவார்.

"ஒண்டுமில்ல சேர்" என்றேன். "என்ட அடையாள அட்டை துலைஞ்சு போயிற்று. இஞ்ச ஆரும் எடுத்துக் குடுத்தாங்களா எண்டு கேக்க வந்தன்."

"இல்லையே. கிராம சேவகருக்கு அறிவிங்க."

காக்கா எனக்காகப் பேசியதாலும், அங்கே நின்ற இரண்டு சிப்பாய்களும் என் முகத்தை அறிந்தபடியாலும், பாதையில் ஏற விட்டார்கள். ஊரில் கிராம சேவகரிடம் போய் விண்ணப்பப் படிவம் வாங்கினேன். தொலைந்த இடம்: வாவி. தொலைந்த நாள்: வெள்ளிக்கிழமை. காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். படிவத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லை.

"எழுதுங்க மிஸ்ஸி, பின்னால ஆக்கள் நிக்காங்க" என்றார் கிராம சேவகர்.

என் கவனயீனம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.